தட்டு எறியப் போன கதை

"வீக்எண்ட் என்ன பண்றீங்க?"ன்னு யாராவது கேட்டா, "குடும்பத்தோட தட்டு எறியப் போறோம்"னு சொல்றது எங்க வீட்டு வழக்கம். கேட்டவங்க உடனே ரங்கமணியைப் பரிதாபமா ஒரு பார்வை பாப்பாங்க. பயப்படாதீங்க, நான் சொல்றது சமையக்கட்டுத் தட்டு இல்லை. டிஸ்க் கோல்ஃப்னு ஒரு விளையாட்டு.

கோல்ஃப்னா நமக்குத் தெரிஞ்சது பணக்காரங்க வெள்ளைத் தொப்பி போட்டுக்கிட்டு ஆடறது. இதுல குச்சி கிடையாது, பந்து கிடையாது, குழியும் கிடையாது. கையில ஒரு பிளாஸ்டிக் தட்டு. தூரத்துல ஒரு இரும்புக் கம்பம், அதுல இடுப்பு உயரத்துல ஒரு கூடை, கூடைக்கு மேல சுத்திலும் தொங்கற சங்கிலி. நின்ன இடத்துலேர்ந்து தட்டை எறியணும். அது எங்க விழுதோ அங்க போய் நின்னு மறுபடி எறியணும். சங்கிலியில பட்டு கூடையில விழுந்தா அந்தக் கூடை முடிஞ்சது. எத்தனை எறிக்கு விழுந்ததுன்னு எழுதிக்கிட்டு அடுத்த கூடைக்கு நடக்க வேண்டியதுதான். மொத்தத்துல யாரு குறைச்சலா எறிஞ்சாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. அவ்ளோதான் விதி. ஏழு வயசுப் பையனுக்கும் புரியும், எழுபது வயசுப் பெரியவருக்கும் புரியும் (இதுக்கு எங்க வீட்டுலயே சாட்சி இருக்கு, வர்றேன்).

கொஞ்சம் வரலாறு. வேண்டாம்னா அடுத்த பாராவுக்குத் தாவிடுங்க. கனெக்டிகட்ல ஃபிரிஸ்பீன்னு ஒரு பை கம்பெனி இருந்தது. அந்தத் தகரத் தட்டுகளைக் காலேஜ் பசங்க எறிஞ்சு விளையாடினாங்க. ஃப்ரெட் மாரிசன்ங்கிறவர் பிளாஸ்டிக்ல பறக்கற தட்டு பண்ணினார். 1957-ல வாம்-ஓ கம்பெனி அதை வாங்கி, ஃபிரிஸ்பீன்னு பேர் வச்சு வித்தது. அந்தக் கம்பெனியில வேலை பாத்த எட் ஹெட்ரிக்ங்கிறவர்தான் 1975-ல கலிஃபோர்னியாவுல ஓக் க்ரோவ் பார்க்குல முதல் நிரந்தர மைதானத்தை அமைச்சவர். அப்போ வெறும் கம்பம்தான். "பட்டுச்சு", "படலை"ன்னு ஒரே சண்டையாம். நம்ம ஊர் விளையாட்டுல எது சண்டையோ அதேதான் அங்கயும். அந்தச் சண்டையைத் தீர்க்கத்தான் அவர் சங்கிலிக் கூடையைக் கண்டுபிடிச்சு 1977-ல காப்புரிமை வாங்கினார். சங்கிலி 'சலங்'னு சத்தம் போட்டா பட்டுச்சு. இல்லைன்னா இல்லை. மனுஷன் 2002-ல இறந்தப்போ, அவர் ஆசைப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கோட கலந்து தட்டாவே வார்த்துட்டாங்க. இன்னிக்கு உலகம் முழுக்க பத்தாயிரத்துக்கும் மேல மைதானம் இருக்கு. பெரும்பாலானதுல காசு வாங்கறதில்லை.

சரி, மேட்டருக்கு வருவோம்.

அப்பா 2023 ஏப்ரல்ல எங்ககிட்ட வந்தார். அம்மா போய் எட்டு மாசம் ஆகியிருந்தது. விருத்தாசலத்துல வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டு, ஜங்ஷன்ல ரயிலேறி மெட்ராஸ் வந்து ஃப்ளைட் பிடிச்சார். நான் ஒரே பொண்ணு. ஆறு மாச விசா. என் மனசுல ஆறு மாசம் இல்லை. வந்தவரை அப்படியே வச்சுக்கிட்டு, கிரீன் கார்டுக்கு எழுதிப்போட்டுடணும்னுதான் நினைப்பு.

எங்க ஊரு டெலவேர் மாநிலத்துல இருக்கற பேர். ஆங்கிலத்துல கரடி. "கரடிங்கிற ஊர்ல எம்பொண்ணு குடியிருக்கா"ன்னு அப்பா ஊர்ல எல்லாருக்கும் சொல்லியிருக்கார். வந்து பாத்தா கரடியும் இல்லை, மனுஷனும் இல்லை. தெருவுல ஆள் நடமாட்டமே கிடையாது. காலையில நாங்க மூணு பேரும் கிளம்பிட்டா, சாயங்காலம் வரைக்கும் அவர் ஜன்னல்கிட்ட உக்காந்திருப்பார். டாக்டர் தினம் நடக்கணும்னு சொல்லியிருந்தார். அப்பா முப்பத்தஞ்சு வருஷம் பீங்கான் பட்டறையில நின்னவர். மூச்சு கொஞ்சம் வாங்கும். "வாக்கிங் போய்ட்டு வாங்கப்பா"ன்னு சொன்னா ஒரே பதில்தான்.

"எங்கம்மா போவறது?"

"சும்மா நடந்துட்டு வர்றதுதான்."

"சும்மா எதுக்கு நடக்கணும்? கடைக்குப் போவணும், வேலைக்குப் போவணும், கோயிலுக்குப் போவணும்னா நடக்கலாம். ஒண்ணுமில்லாம நடந்தா பாக்கறவன் என்னா நெனைப்பான்?"

பாக்கறவனே இல்லைங்கிறதை அவருக்கு எப்படிச் சொல்றது?

ஜூன் முதல் வாரத்துல கனடா காட்டுத்தீப் புகை இங்க வரைக்கும் வந்து வானமே செம்மண் நிறமா இருந்ததே, ஞாபகம் இருக்கா? அப்போ ஒரு வாரம் கதவைக்கூடத் திறக்கலை. அப்பா கண்ணாடி வழியா பாத்துட்டு, "சூளை பத்த வச்ச அன்னிக்கு பேட்டை மாதிரியே இருக்குது"ன்னார். வந்ததுலேர்ந்து அவர் தானா வாயைத் திறந்து சொன்ன நீளமான வாக்கியம் அதுதான். புகை அடங்கினதும் எங்கயாவது வெளியில கூட்டிட்டுப் போயே ஆகணும்னு முடிவு பண்ணினோம். வீட்டுலேர்ந்து பக்கத்துலயே லம்ஸ் பாண்ட் ஸ்டேட் பார்க் இருக்கு. அங்க யர்ட்னு வட்டமா ஒரு கூடாரம் வாடகைக்குக் கிடைக்கும். ரெண்டு ராத்திரிக்குப் போட்டோம்.

"இந்த மாநிலத்துலயே பெரிய நன்னீர்க் குளம்பா, இருநூறு ஏக்கர்"னு பெருமையா காட்டினேன். வீராணத்தைப் பாத்த மனுஷன். "ம்"னார்.

அந்தப் பார்க்குலயே பதினெட்டுக் கூடை டிஸ்க் கோல்ஃப் மைதானம் இருக்கு. கொஞ்சம் புல்வெளி, கொஞ்சம் மரங்களுக்கு நடுவுல. எங்களை மாதிரி கத்துக்குட்டிங்களுக்கு ஒத்து வர்ற மாதிரிதான் இருந்தது. மேடு பள்ளம் அதிகம் இல்லை, அடுத்த கூடை எங்கன்னு தேடி அலைய வேண்டாம், குழந்தைங்க ஆடறதைப் பாத்து யாரும் முகம் சுளிக்கலை. பின்னாடி வேகமா ஆடறவங்க வந்தா நாம ஒதுங்கி வழி விடணும். அது ஒண்ணுதான் மரியாதை. மூணு தட்டு அடங்கின ஆரம்பக்கார செட்டு கடையில முப்பது டாலருக்குள்ள வாங்கியிருந்தோம். கிட்டத்துல போட ஒண்ணு, நடுத்தரத்துக்கு ஒண்ணு, தூரத்துக்கு ஒண்ணு. சாதாரண ஃபிரிஸ்பீயைவிடச் சின்னதா, ஒரு சாண் அகலம்தான் இருக்கும். ஆனா கனமா, ஓரம் கூர்மையா இருக்கும். தலையில பட்டா வீங்கிடும். எதிர்ல ஆள் இருந்தா எறியக்கூடாது.

புதுசா ஆடறவங்களுக்கு ரகசியம் ஒண்ணு சொல்றேன். தூரத் தட்டைத் தொடாதீங்க. வலது கைக்காரங்க அதை எறிஞ்சா, வேகம் குறையறப்போ இடது பக்கமா சரிஞ்சு போய்க் காட்டுக்குள்ள விழும். டேவிட் விக்கின்ஸ்னு ஒருத்தர் 2016-ல 338 மீட்டர் எறிஞ்சு உலக சாதனை பண்ணினார். அவருக்கு அந்தத் தட்டு சரி. நமக்கு முதல் நாள் முப்பது மீட்டர் நேரா போனாலே பெரிய விஷயம். கிட்டத்துத் தட்டை எடுத்து, தரைக்குச் சமமா பிடிச்சு, வயித்துக்குக் குறுக்கே இழுத்து, மணிக்கட்டைச் சுண்டிவிடணும். பலம் தோள்ல இல்லை, சுழட்டறதுலதான் இருக்கு. சுழலாத தட்டு பறக்காது.

இதையெல்லாம் யூட்யூப்ல பாத்துட்டு வந்து ரங்கமணி நாலடி ஓடி, ஒரு சுத்து சுத்தி எறிஞ்சார். தட்டு போய் ஓக் மரத்துல மோதி, அவர் காலடிக்கே திரும்பி வந்தது. வாண்டு உருண்டு உருண்டு சிரிச்சான். நான் எறிஞ்சது பக்கத்துப் புதர்ல. முள்ளுக்குள்ள கையை விட்டு எடுத்தேன்.

அப்பா கையில ஒண்ணைக் குடுத்தோம். வாங்கினவர் உடனே எறியலை. திருப்பித் திருப்பிப் பாத்தார். கட்டை விரலால ஓரத்தை ஒரு முழுச் சுத்து தடவினார். "ஓரம் நல்லா வந்திருக்குது. ஒரே மொத்தம்"னார். ஜிக்கர் சக்கரத்துல தட்டும் கோப்பையும் போட்ட கை அது. களிமண்ணை அச்சுல வச்சு, சக்கரம் சுத்தறப்போ தகடை இறக்கினா தட்டாகும். ஓரம் ஒரு பக்கம் மெலிஞ்சா சூளையில கோணிக்கும், ஒதுக்கிட வேண்டியதுதான். அவருக்கு எந்தத் தட்டைப் பாத்தாலும் முதல்ல ஓரம்தான் கண்ணுல படும்.

அப்புறம் நின்ன இடத்துலேர்ந்தே, ஓடாம, உடம்பைத் திருப்பாம, முழங்கைக்குக் கீழ மட்டும் அசைச்சு ஒரு விடு விட்டார். தூரம் போகலை, எண்பது அடி இருக்கும். ஆனா தரைக்கு மேல இடுப்பளவு உயரத்துல, பலகை வச்சு இழுத்த மாதிரி, நேரா.

"எங்க தாத்தா கத்துக்கிட்டீங்க?"ன்னான் வாண்டு.

இங்கதான் நான் கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். விருத்தாசலத்தைப் பீங்கான் ஊருன்னு சொல்லுவாங்க. தொழிற்பேட்டை, செராமிக் படிப்புச் சொல்லித்தர அரசு நிறுவனம் எல்லாம் உண்டு. நெய்வேலியில பழுப்பு நிலக்கரிக்காகத் தோண்டறப்போ களிமண்ணும் வெளிய வரும். அது பக்கத்துல இருக்கறதாலதான் இந்தத் தொழிலே இங்க வளர்ந்தது. ஃபியூஸ் கட்டை, ஊறுகாய் ஜாடி, பொம்மை, அகல் விளக்கு, சாக்கடைக்குப் போடற ஸ்டோன்வேர் பைப்புன்னு எல்லாம் பண்ணுவாங்க. உடைஞ்சதும் கோணினதும் பேட்டைக்குப் பின்னாடி குவிஞ்சு கிடக்கும். எங்களுக்கு அதுதான் பொம்மைக்கடை. மத்த ஊருப் பொண்ணுங்க பாண்டி ஆட ஓட்டாஞ்சில்லைத் தேடுவாங்க. நாங்க கோப்பையோட அடிவட்டத்தைக் கல்லுல தேய்ச்சு வழவழன்னு வெள்ளைச் சில்லு வச்சிருப்போம். பசங்க அதையே மணிமுத்தாத்துல தண்ணி தேங்கின இடத்துல தவளைக்கல் விடுவாங்க. அப்பா சின்ன வயசுல ஏழு தாவு, எட்டுத் தாவு விட்டவராம். சில்லு தாவணும்னா தண்ணிக்குச் சமமா, சுழட்டி விடணும். ஹெட்ரிக்கும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

நாங்க ஒன்பது கூடைதான் ஆடினோம். மூணு பேரும் பறக்க விட்டு மரத்துல மோதி, புதர்ல தேடிக்கிட்டு இருக்க, அப்பா எண்பது எண்பது அடியா, ஆமை மாதிரி, கூடையை நோக்கிப் போய்க்கிட்டே இருந்தார். கடைசியில அப்பா 43, ரங்கமணி 46, நான் 52. வாண்டு கணக்கை நடுவுலயே நிறுத்திட்டான்.

ஆனா நான் பாத்தது அந்தக் கணக்கை இல்லை. அவர் நடந்தார். சும்மா நடக்க மாட்டேன்னவர், ஒரு மைலுக்கு மேல நடந்தார். ஒண்ணைத் தூக்கிப் போட்டா அதை எடுக்கப் போய்த்தானே ஆகணும்? போற இடம்னு ஒண்ணு வந்துடுச்சு.

ஏழாவது கூடைக்கிட்ட மூச்சு வாங்குதுன்னு ஒரு மரத்தடியில உக்காந்தார். அவங்க ரெண்டு பேரும் முன்னாடி போய்ட்டாங்க. நான் தண்ணி பாட்டிலை நீட்டினேன். குடிச்சுட்டு, மூடியைத் திருகிக்கிட்டே சொன்னார்.

"அக்டோபர்ல டிக்கெட் இருக்குதில்ல? அதுலயே போய்டறேன்மா."

"இங்க என்னப்பா குறை?"

"கொறைன்னு ஒண்ணும் இல்ல. நீ நல்லாத்தான் பாத்துக்கற, மாப்பிள்ளையும் தங்கமானவரு. ஆனா அங்க காலையில டீக்கடைக்குப் போனா நாலு பேரு 'என்னா மாஸ்டரு'ன்னு கேப்பான். இங்க நான் ஒனக்கு அப்பா, புள்ளைக்குத் தாத்தா. அதுக்கு மேல யாரும் இல்ல."

"அங்க தனியா இருந்து, ராத்திரியில எதாவது ஒண்ணுன்னா?"

"எதாவது ஒண்ணு இங்கயும் ஆவும்."

நான் பதில் சொல்லலை. அழுகை வந்தது, சன்கிளாஸ் போட்டிருந்ததால தப்பிச்சேன். முன்னாடி வாண்டு "தாத்தா, உங்க டர்ன்!"னு கத்தினான். அவர் எழுந்து போய் எறிஞ்சார்.

அன்னிக்குச் சாயங்காலம் குளத்தங்கரையில வாண்டு ஒரு தட்டைத் தண்ணி மேல விட்டுட்டான். கோல்ஃப் தட்டு பெரும்பாலும் மிதக்காது. 'டபக்'னு போயே போச்சு. அழ ஆரம்பிச்சவனை மடியில வச்சுக்கிட்டு அப்பா சுந்தரர் கதையைச் சொன்னார். விருத்தாசலத்துல சாமி குடுத்த பன்னண்டாயிரம் பொன்னை மணிமுத்தாத்துல போட்டுட்டு, திருவாரூர்ல கமலாலயக் குளத்துல எடுத்தாரே, ஆத்துல போட்டுக் குளத்துல தேடறதுன்னு பழமொழியே உண்டே, அந்தக் கதை. முழுசாக் கேட்டுட்டு அவன், "அப்போ நான் குளத்துல போட்டதை உங்க ஊர் ஆத்துல தேடணுமா?"ன்னான். வந்ததுலேர்ந்து அப்பா வாய்விட்டுச் சிரிச்சது அப்போதான்.

திரும்பி வர்றப்போ ஹாக்கெசின்ல இருக்கற மகாலட்சுமி கோயிலுக்குப் போனோம். அந்தப் பக்கத்து ஓடைக்கு வெள்ளைக் களிமண் ஓடைன்னே பேர். ஒயிட் க்ளே க்ரீக். அந்த வட்டாரத்துல 19-ஆம் நூற்றாண்டுல கயோலின் வெட்டி எடுத்து, பீங்கான் பண்ண அனுப்பியிருக்காங்க. சொன்னதும் அப்பா நிமிர்ந்து உக்காந்துட்டார். "இங்கயும் வெள்ளை மண்ணா? அப்ப பட்டறை எங்க?" எல்லாம் எப்பவோ மூடியாச்சுப்பான்னேன். கோயில் வர்ற வரைக்கும் ஜன்னல் வழியா மேட்டையும் மரத்தையும் பாத்துக்கிட்டே வந்தார். "எல்லா ஊர்லயும் அதான்"னார்.

அக்டோபர்ல கிளம்பிட்டார். வழக்கம்போல ரெண்டு பெட்டி, இருபத்து மூணு கிலோ கணக்கு. பாதாமும் சாக்லேட்டும் வச்சு எடை பாத்துக்கிட்டிருக்கறப்போ, "அந்தத் தட்டு ரெண்டு இருந்தா குடேன்"னு பேரன்கிட்ட கேட்டார். அவன் பெரிய மனசு பண்ணி, புதுசா வாங்கின ரெண்டையும் சேர்த்து நாலு குடுத்தான்.

அதுக்கு முன்னாடி எங்க ஞாயித்துக்கிழமை ஃபோன் எப்படி இருக்கும்னா, "சாப்பிட்டீங்களா?" "ஆச்சு." "மாத்திரை?" "ஆச்சு." "வேற?" "வேற என்ன." மூணு நிமிஷம். தட்டு போன அப்புறம் ஃபோன் அரைமணி நேரம் ஆச்சு. ஊருக்கு வெளியில சித்தப்பாவோட முந்திரித் தோப்பு இருக்கு. 2011 டிசம்பர் கடைசியில தானே புயல் கடலூர் மாவட்டத்து முந்திரியைச் சாய்ச்சுப் போட்டதே, அதுல பழைய மரமெல்லாம் போய், அப்புறம் ஒட்டுக்கன்னு வச்சு வளர்த்தது. அங்க தெருப் பசங்க நாலு பேரைச் சேர்த்துக்கிட்டு மைதானம் போட்டுட்டார்! கூடைக்கு எங்க போறது? சங்கிலிக்கு எங்க போறது? கழிச்சுப் போட்ட ஸ்டோன்வேர் பைப்பு ஒன்பது வாங்கி, நிக்க வச்சுப் பாதி புதைச்சு, பெயிண்ட்டுல நம்பர் எழுதிட்டார். தட்டு பட்டா 'டங்'னு கேக்கும். பட்டுச்சா படலையான்னு சண்டையே கிடையாது. ஹெட்ரிக்கைப் பத்தி நான் அவருக்குச் சொன்னதே இல்லைங்க, சத்தியமா.

2024 ஆகஸ்ட்ல ஒரு நாள் தோப்புல தலைசுத்தி விழுந்துட்டார். கூட இருந்த பசங்கதான் தூக்கி உக்கார வச்சு, ஆட்டோ பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய், எனக்கும் ஃபோன் பண்ணினாங்க. இங்க ராத்திரி ரெண்டு மணி. பெரிசா ஒண்ணும் இல்லை, சர்க்கரை இறங்கியிருக்கு. அந்த ஃபோன்லயே "கிளம்பி இங்க வந்துடுங்க"ன்னு சண்டை போட்டேன். "பூட்டின வூட்டுக்குள்ள விழுந்திருந்தா யாருக்குத் தெரியும்? இங்க நாலு பேரு இருந்தான்ல"ன்னார். அந்தக் கேள்வி இன்னும் என்கிட்ட பதிலில்லாமத்தான் இருக்கு. அவர் சொல்றதும் நிஜம், நான் பயப்படறதும் நிஜம்.

2025 பொங்கலுக்குப் போய்ப் பாத்தோம். முந்திரி பூத்திருந்தது, தோப்பு முழுக்க ஒரு லேசான இனிப்பு வாசனை. முந்திரி தாழ்வாக் கிளை விடற மரம்; பறக்க விட்டா மாட்டிக்கும், இடுப்பளவு உயரத்துல நேரா விட்டாத்தான் தப்பும். அதாவது அப்பா எறியற மாதிரி எறிஞ்சாத்தான்! ஆளுக்கு முப்பது டாலர் ஷூ போட்டுக்கிட்டுப் போன எங்களை, ஹவாய்ச் செருப்புப் போட்ட பசங்க கதறக் கதறத் தோக்கடிச்சாங்க. அஞ்சாவது பைப்புக்கிட்ட செங்கல் அடுக்கி ஒரு திண்டு. "மாஸ்டர் உக்கார்ற எடம்"னான் ஒருத்தன். இன்னொருத்தன் சட்டைப் பையில எப்பவும் ரெண்டு சாக்லேட். சாப்பிடறதுக்கு இல்லையாம். மாஸ்டருக்குச் சர்க்கரை இறங்கினா குடுக்க.

உங்க ஊர்லயும் இப்படி ஒண்ணு போடணும்னா பெரிய செலவு இல்லை. ஒன்பது இலக்கு போதும். ஒவ்வொண்ணும் நூறு, நூத்தைம்பது அடிக்குள்ள இருக்கட்டும். பட்டா சத்தம் வர்ற பொருளா இருக்கட்டும். பெயிண்ட் டப்பா, தகர டின் எதுவும் சரி. ஒரு இலக்குக்கும் அடுத்த இலக்குக்கும் நடுவுல ஆள் போற பாதை இருக்கக்கூடாது. பாதி வழியில உக்கார ஒரு இடம், நிழல்ல. தோப்பா இருந்தா காய்க்கிற காலத்துல ஆடாதீங்க. அப்பா மைதானத்துக்கு மார்ச்லேர்ந்து மே வரைக்கும் லீவு, கொட்டை பொறுக்கறவங்க இருப்பாங்க.

போன ஞாயித்துக்கிழமை ஃபோன்ல, ஒன்பது பைப்பும் 31-ல முடிச்சேன்னார். நான் நம்பலை. "சாட்சிக்கு ஆள் இருக்கான், பேசறியா?"ன்னு ஃபோனை யார் கையிலயோ குடுத்துட்டு, பாட்டுக்கு அடுத்த தட்டை எறியப் போய்ட்டார்.

பி.கு.: அந்தப் பையன் சொன்ன கணக்கு 33.